60 தாண்டிய பிறகு 195 கிலோ வண்டி: வைத்துக்கொள்வதா, எடை குறைந்ததற்கு மாறுவதா?

தாராபுரத்தான்

வணக்கம். வயது 62, உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம். ஓட்டுவது 2022ஆம் ஆண்டு ராயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350, எடை 195 கிலோ. அதற்கு முன்பு இருந்ததும் புல்லட்தான். வேறு வண்டி பழகவில்லை.

ஓடும்போது ஒரு குறையும் இல்லை. பழனி சாலையில் 65 வேகத்தில் போனால் இடுப்பு வலி இருப்பதே மறந்துவிடுகிறது. தொல்லையெல்லாம் நிறுத்தும்போதும் எடுக்கும்போதும்தான். எங்கள் வீட்டு வாசல் தெருவைவிட இரண்டடி உயரம். காலையில் வண்டியைப் பின்னோக்கி இறக்கும்போது முன் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விடவேண்டும். மாலையில் எஞ்சின் தயவில் மேலே ஏறிவிடலாம். ஆனால் போர்டிகோவுக்குள் திருப்பி நிறுத்துவதற்குள் மூச்சு வாங்குகிறது. கடைவீதியில் யாராவது ஒட்டி நிறுத்திவிட்டால் அவர் வரும்வரை டீக்கடையில் காத்திருப்பதே வழக்கமாகிவிட்டது.

கீழ்முதுகில் வட்டு (டிஸ்க்) பிதுங்கியிருக்கிறது. மருத்துவர் கனமான பொருள் எதையும் தூக்கக்கூடாது என்றார். வண்டி தள்ளலாமா என்று கேட்டேன். என்ன வண்டி என்றார். சொன்னதும் சிரித்துவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

மகன் ஸ்கூட்டர் வாங்கு என்கிறான். என் பட்டியலில் எடை குறைந்த மோட்டார் சைக்கிள்களான ஹன்டர் 350, ரோனின், யூனிகார்ன் மூன்றும் இருக்கின்றன. பெரும்பாலும் ஊருக்குள், வாரக் கடைசியில் திருப்பூர் அல்லது பழனி, மனைவி பின்னால் உட்காருவார். மாறியவர்கள் சொல்லுங்கள். மாறாதவர்களும் சொல்லலாம்.

கிக்கர்_ராயபுரம்

62 எல்லாம் ஒரு வயதா ஐயா? எனக்கு 68. என்னிடம் இருப்பது வலதுகால் கியர், இடதுகால் பிரேக், இரும்பு எஞ்சின் போட்ட பழைய புல்லட். இன்றும் ஆம்பியர் முள்ளைப் பார்த்து, எஞ்சின் அழுத்தத்தை விடுவிக்கும் டிகம்ப்ரஷன் நெம்புகோலைப் பிடித்து, ஒரே உதையில் எழுப்புகிறேன். திருவொற்றியூர் ஆலையில் 1955இல் தொடங்கிய பரம்பரை. அதை விட்டுவிட்டு, தையல் இயந்திரம்போல் சத்தம் போடும் வண்டியில் போய் நின்றால் தெருவில் யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

எடையைக் குறை சொல்பவர்களில் பாதிப் பேருக்கு சென்டர் ஸ்டாண்டு போடத் தெரியாது. கையால் தூக்கப் பார்க்கிறார்கள். வண்டியை நேராக நிமிர்த்தி, ஸ்டாண்டின் இரண்டு காலும் தரையில் பட்டதும், வலது குதிகாலை ஸ்டாண்டின் நாக்கில் வைத்து அதன்மேல் ஏறி நிற்க வேண்டும். உடம்பின் எடை கீழே போக, வண்டி தானாகப் பின்னால் ஏறும். கை வெறும் துணைக்குத்தான்.

எண்கணக்கு

கிக்கர் ஐயா சொன்ன ஸ்டாண்டு முறை சரி. ஆனால் தாராபுரத்தாரின் கேள்வி ஸ்டாண்டைப் பற்றியது அல்ல. பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் நடத்தியவன் என்ற உரிமையில் கொஞ்சம் கணக்குப் போடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிமிர்ந்து நிற்கும் வண்டி எவ்வளவு கனமானாலும் விரல் நுனியில் நிற்கும். சாயத் தொடங்கினால்தான் எடை தெரியும். எடைமையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்திலும் கைப்பிடி ஒரு மீட்டருக்குச் சற்று மேலும் இருப்பதாக வைத்துக்கொண்டால், 195 கிலோ வண்டி 10 டிகிரி சாய்ந்தால் கைப்பிடியில் ஏறக்குறைய 16 கிலோ தாங்க வேண்டும். 20 டிகிரி சாய்ந்தால் 32 கிலோ. இதே கணக்கில் யூனிகார்ன் போன்ற 140 கிலோ வண்டிக்கு 12, 23. அதாவது, எடை குறைந்த வண்டி தரும் லாபம் சாய்வு கூடக்கூடக் கூடுகிறது. விழுவதா நிற்பதா என்று முடிவாகும் அந்த அரை நொடியில் உங்கள் தொடையிலும் முழங்காலிலும் வந்து இறங்குவது இந்த ஒன்பது கிலோ வித்தியாசம்தான்.

இப்போது வாசல். ஐயா, உங்கள் சாய்தளத்தின் நீளம் என்ன? இரண்டடி உயரத்துக்கு எட்டடி நீளம் என்றால் நான்குக்கு ஒன்று சரிவு. அதில் 195 கிலோவைத் தள்ள, உருளும் உராய்வை விட்டுவிட்டால்கூட 47 கிலோ விசை வேண்டும். 140 கிலோ வண்டிக்கு 34. இதே இரண்டடிக்குப் பதினாறடி நீளம் கட்டினால் எட்டுக்கு ஒன்று சரிவு; உங்கள் கிளாசிக்கையே 24 கிலோ விசையில் தள்ளலாம். புது வண்டிக்கு ஒன்றரை லட்சம் செலவழிக்கும் முன் ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டுப் பாருங்கள்.

தாராபுரத்தான்

எண்கணக்கு ஐயா, அளந்து பார்த்தேன். நீளம் ஏழடிகூட இல்லை. பதினாறடி கட்டினால் எதிர்வீட்டுக்காரர் வாசலுக்குப் போய்விடும். தெருவுக்கும் வாசலுக்கும் நடுவே சாக்கடை வேறு ஓடுகிறது. நான் வீடு கட்டியபோது தெருவும் வாசலும் ஒரே மட்டத்தில்தான் இருந்தன. பிறகு தார் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்தது, மழைநீர் உள்ளே வந்தது, நான் வாசலை உயர்த்தினேன், அப்புறம் ஒரு நாள் தெருவைத் தோண்டி மீண்டும் தாழ்த்திப் போட்டுவிட்டார்கள். பக்கவாட்டில் திருப்பிக் கட்டினால் பத்தடி வரை கிடைக்கலாம்.

இயன்முறை_சேலம்

இயன்முறை மருத்துவத் துறையில் இருக்கிறேன், வீட்டுக்காரர் புல்லட் ஓட்டுகிறார். எனவே இரண்டு பக்கமும் தெரியும்.

வண்டியின் எடையைக் குறைக்கும் முன், உங்கள் கால்களில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். கைப்பிடி இல்லாத ஒரு நாற்காலி போதும். சுவரை ஒட்டிப் போட்டு, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 நொடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயது ஆண்களுக்கு 14க்குக் குறைந்தால் சராசரிக்குக் கீழே என்று கொள்வார்கள். அடுத்து, ஒற்றைக்காலில் பத்து நொடி நில்லுங்கள், பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கட்டும். சிக்னலில் ஒரு காலை ஊன்றி நிற்பவருக்கு அந்தப் பத்து நொடி தேவை. கைப்பிடி வலுவை அளக்கும் கருவி எங்கள் துறையில் இருக்கும். ஆசிய ஆண்களுக்கு 28 கிலோவுக்குக் கீழே போனால் தசை இழப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். கிளட்ச் பிடிக்கும் இடது கைக்கு இது நேராகப் பொருந்தும்.

குறைவாக வந்தால் பதற வேண்டாம், கால் தசை 60க்கு மேலும் பயிற்சிக்கு நன்றாகவே வளைந்துகொடுக்கும். ஆனால் வட்டுப் பிதுக்கம் இருப்பவர் எந்தப் பயிற்சி என்பதைத் தன் மருத்துவரிடமே கேட்க வேண்டும். இடுப்பை முறுக்கிக்கொண்டு தள்ளுவதுதான் உங்களுக்கு முதல் எதிரி. வண்டிக்கு இடப்புறம் நின்று, கழுத்தைப் பின்னால் திருப்பி, கைகளை முன்னால் நீட்டி, சரிவில் பின்னோக்கி இறக்குகிறீர்களே, அந்தக் கோலத்தில் 140 கிலோவும் அவ்வளவு நல்லதல்ல.

இன்னொன்று, பலர் சொல்லக் கூச்சப்படுவது. சர்க்கரை நாள்பட இருந்து பாதத்தில் மதமதப்பு இருந்தால் பின் பிரேக் மிதியில் கால் இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாது. இரத்த அழுத்த மாத்திரையும் புராஸ்டேட்டுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் சட்டென்று எழும்போது கண்ணை இருட்டும். இதற்கெல்லாம் எடை குறைந்த வண்டி மருந்தாகாது.

பழைய_பிஸ்டன்

மதுரையில் பட்டறை. நாங்கள் சொல்வதையும் கேளுங்கள்.

"தள்ளினால் கனமாக இருக்கிறது" என்று வரும் வண்டியை நான் முதலில் சென்டர் ஸ்டாண்டில் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் சுற்றிவிடுவேன். சுற்றிவிட்ட சக்கரம் கொஞ்ச நேரமாவது ஓட வேண்டும், உடனே நின்றால் பிரேக் பிடித்திருக்கிறது. காலிப்பரின் (டிஸ்க் பிரேக்கின் கவ்வி) ஊசி மண் அடைத்து இறுகிப்போயிருக்கும், கழற்றிக் கழுவிக் கிரீஸ் வைத்தால் ஆள் மாறிவிடும். டயரில் காற்று பத்து பவுண்டு குறைந்திருந்தாலும் தள்ளும்போது தெரியும், ஓட்டும்போது தெரியாது. செயின் இறுக்கமும் அப்படித்தான். கிளட்ச் கேபிள் உள்ளே பிசிறு பிடித்து வரட்டுத்தனமாக இருந்தால் விரல் மூட்டெல்லாம் வலிக்கும்; புதுக் கேபிள் போடுங்கள், பெரிய காசு இல்லை.

பிறகு, ஏற்றி வைத்திருக்கும் இரும்பு. முன்னால் பெரிய லெக் கார்டு, பின்னால் இரண்டு பக்கமும் பெட்டி மாட்டும் சட்டம், கேரியர், கூடுதல் விளக்கு. கழற்றித் தராசில் வைத்தால் பத்துப் பதினைந்து கிலோ சர்வசாதாரணமாக வரும். டேங்க் 13 லிட்டர்; நிரப்பினால் பெட்ரோல் மட்டும் ஏறக்குறைய பத்து கிலோ, அதுவும் வண்டியின் உச்சியில். ஊருக்குள் ஓட்டுபவருக்குப் பாதி டேங்க் போதும்.

சென்டர் ஸ்டாண்டுக்கு ஒரு குறுக்கு வழி: ஒரு அங்குலக் கனத்தில் பலகைத் துண்டு ஒன்றைப் பின் சக்கரத்தின் கீழே கொடுத்து, சக்கரத்தை அதன்மேல் ஏற்றிவிட்டு ஸ்டாண்டு போடுங்கள். பிள்ளைகள்கூடப் போட்டுவிடலாம்.

வாங்கப் போகும் வண்டிகளில் கவனியுங்கள்: யூனிகார்னில் சென்டர் ஸ்டாண்டு உண்டு. ஹன்டரில் சில வகைகளுக்குத் தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும். ரோனினில் பக்க ஸ்டாண்டு மட்டும்தான்.

கிக்கர்_ராயபுரம்

பழைய பிஸ்டன் ஐயா என் கட்சி என்று எடுத்துக்கொள்கிறேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: பழைய இரும்பு எஞ்சின் புல்லட் இன்று விற்கும் 195 கிலோ புல்லட்டைவிட எடை குறைவு. கனத்தைக் கூட்டியது காலம், நாங்கள் அல்ல.

மலைப்பாதை

பொள்ளாச்சி. வயது 59. ஹிமாலயன் 411 வைத்திருந்தேன், 199 கிலோ. இப்போது ரோனின், சுமார் 160. மாறியதற்குக் காரணம் இடுப்பு அல்ல, வால்பாறைச் சாலை.

ஆழியாறிலிருந்து ஏறும் அந்த நாற்பது கொண்டை ஊசிகளில் ஓடிக்கொண்டே இருக்கும்வரை எந்த வண்டியும் வண்டிதான். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சிமுனை இருக்கிறதே, அங்கே வரையாடு தென்பட்டுவிட்டால் முன்னால் போகும் கார்க்காரர் வளைவின் நடுவிலேயே நிறுத்திவிடுவார். பின்னால் நாமும் நிற்க வேண்டும். வளைவில் சாலை ஒரு பக்கம் தாழ்ந்திருக்கும். தாழ்ந்த பக்கம் காலை ஊன்றப் போனால் தரை இன்னும் ஒரு சாண் கீழே இருக்கும். அங்கேதான் என் வண்டி மெல்ல, மரியாதையாக, என்னையும் இழுத்துக்கொண்டு படுத்தது. எனக்கும் ஒன்றுமில்லை, வண்டிக்கும் ஒன்றுமில்லை. ஆனால் தூக்க இரண்டு சுற்றுலாப் பயணிகள் வேண்டியிருந்தது.

ஆக, என் அனுபவத்தில் எடையைவிட இருக்கை உயரமும் இருக்கையின் அகலமும் முக்கியம். விளம்பரத் தாளில் உயரம் மட்டும்தான் இருக்கும். இருக்கையின் முன்பகுதி அகலமாக இருந்தால் தொடை விரிந்து, 790 மில்லிமீட்டர்கூட 810 போல ஆகிவிடும். கடையில் செருப்போடு உட்கார்ந்து பார்க்காதீர்கள், ஓட்டும்போது போடும் ஷூவோடு உட்காருங்கள். ஒரு பக்கம் சரிந்த தரையாகப் பார்த்து உட்காருங்கள்.

விழுந்த வண்டியைத் தூக்கும் முறையும் தெரிந்திருக்கட்டும். எஞ்சினை அணையுங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் முதலில் பக்க ஸ்டாண்டை இறக்கிவிடுங்கள், இல்லையென்றால் தூக்கிய வேகத்தில் மறுபக்கம் கவிழும். கைப்பிடியை முழுதாகத் திருப்பி, வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கையால் கைப்பிடியின் நுனியும் மறு கையால் பின்சட்டமும் பிடித்து, பின்னோக்கி நடந்து கால் வலுவால் நிமிர்த்துங்கள். முதுகு வளையக் கூடாது. தாராபுரத்தாரே, உங்களுக்கு இது படிப்பதற்கு மட்டும். நீங்கள் ஆள் கூப்பிடுங்கள்.

இழந்தது எதுவும் இல்லை என்று சொல்லமாட்டேன். நான்குவழிச் சாலையில் கனமான வண்டிக்கு ஒரு நிதானம் உண்டு. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், ஆரல்வாய்மொழிப் பக்கம் முப்பந்தல் காற்றாலைகளைத் தாண்டும்போது 160 கிலோ வண்டி ஒரு தடத்திலிருந்து அடுத்த தடத்துக்கு நகர்வது தெரிகிறது. உங்கள் தாராபுரம், உடுமலை வட்டாரமும் காற்றுக்குப் பேர்போனதுதானே. ஆம்னி பஸ் ஒன்று ஒட்டி முந்திப் போனால் இரண்டு முறை உலுக்கும்: முதலில் தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். கைப்பிடியை இறுக்கினால் மோசமாகும். கையைத் தளர்த்தி முழங்காலால் டேங்கைக் கவ்விக்கொண்டு வேகத்தைக் குறைக்க வேண்டும்.

பின்னிருக்கை

தஞ்சாவூர். எங்கள் வீட்டில் மாறிவிட்டோம், ஸ்கூட்டருக்கு. அதனால் ஸ்கூட்டர் கட்சியிலிருந்து பேசுவேன் என்று நினைக்காதீர்கள்.

ஏறுவதும் இறங்குவதும் சுகம்தான், மறுக்கவில்லை. என் கணவருக்கு முழங்கால் மடக்க முடியாது, காலைத் தூக்கிப் போடத் தேவையில்லாத வண்டி அது ஒன்றுதான். காய்கறிப் பையைக் காலடியில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் கும்பகோணம் சாலையில் பள்ளத்தில் இறங்கினால் அடி நேராக முதுகெலும்பில் ஏறுகிறது. சக்கரம் சின்னது, நம் ஊர் ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் பத்து அல்லது பன்னிரண்டு அங்குலம், மோட்டார் சைக்கிளில் பதினேழு, பதினெட்டு. பெரிய சக்கரம் தாண்டும் பள்ளத்தில் சின்னது விழுந்து எழுகிறது. மோட்டார் சைக்கிளில் கால் மிதியில் அழுத்தி இடுப்பைச் சற்றுத் தூக்கிக்கொள்ளலாம். ஸ்கூட்டரில் நாற்காலியில் உட்கார்வதுபோல் உட்கார்ந்துவிட்டால் எழ வழியில்லை. எனவே முழங்கால் நோவுக்கு ஸ்கூட்டர், இடுப்பு நோவுக்கு யோசனை. தாராபுரத்தாரின் மகன் அன்பில் சொல்கிறார், அப்பாவின் முதுகில் உட்கார்ந்து பார்த்துச் சொல்லவில்லை.

இங்கே எல்லோரும் கிலோவும் டிகிரியும் பேசுகிறீர்கள். பின்னால் உட்காருபவரின் கனத்தை யாரும் கூட்டவில்லை. நாங்கள் சேலை கட்டி ஒரு பக்கமாக உட்கார்ந்தால் எடை முழுவதும் இடப்பக்கம் தொங்குகிறது. 195 கிலோ வண்டிக்கு 60 கிலோ மனைவி மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, 110 கிலோ வண்டிக்குப் பாதிக்கு மேல். வண்டி எடை குறையக்குறைய நாங்கள் ஏறும் அந்த நொடி ஆபத்தாகிறது. அவர் இரண்டு காலையும் ஊன்றி, முன் பிரேக்கைப் பிடித்து, "ஏறு" என்று சொன்ன பிறகு ஏற வேண்டும். அவரும் தலைக்கவசம், நானும் தலைக்கவசம்.

கடைக்குப் போகும்போது உங்கள் மனைவியையும் அழைத்துப் போங்கள் ஐயா. பின்மிதி எவ்வளவு உயரம், பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா என்பதை அவர் பார்க்கட்டும். எங்கள் வீட்டில் நிறம் மட்டும்தான் என்னிடம் கேட்டார்கள்.

இயன்முறை_சேலம்

பின்னிருக்கை அம்மா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். அதே காரணத்துக்காகத்தான் க்ரூஸர் வகையையும் தாராபுரத்தாருக்குப் பரிந்துரைக்க மாட்டேன். அந்த வகையைச் சேர்ந்த அவெஞ்சரின் இருக்கை 737 மில்லிமீட்டர்தான், குட்டையானவருக்கும் இரண்டு பாதமும் தரையில் படியும். நிறுத்தி எடுக்க அருமை. ஆனால் கால்கள் முன்னால் நீண்டிருப்பதால் உடம்பின் முழு எடையும் வால் எலும்பில் விழுகிறது. மேடுபள்ளத்தில் காலால் தாங்கிக்கொள்ள முடியாது. பாதம் முழங்காலுக்கு ஏறக்குறைய நேர்க்கீழே இருக்கும் சாதாரண வண்டிதான் வட்டு நோயாளிக்கு ஒத்துவரும்.

கிக்கர்_ராயபுரம்

மனைவியைக் கூப்பிட்டுக்கொண்டு வண்டி வாங்கப் போவதா? சரி, காலம் மாறிவிட்டது.

உண்மையாகவே ஓர் எச்சரிக்கை சொல்கிறேன், கேலி இல்லை. என்னைப்போல் வலதுகால் கியர் பழகியவர்கள் யாராவது இந்த இழையைப் படித்துவிட்டு ஸ்பிளெண்டர் வாங்கக் கிளம்பினால், முதலில் காலி மைதானத்தில் நன்றாகப் பழகுங்கள். எங்களுக்குப் பிரேக் இடதுகாலில். நாய் குறுக்கே வந்தால் மூளை யோசிக்காது, இடதுகால் தானாக மிதிக்கும். ஸ்பிளெண்டரில் இடதுகால் முன்பக்கம் மிதித்தால் அடுத்த கியர் விழும், வண்டி நிற்காது. என் நண்பர் ஒருவர் இப்படித்தான் பால்காரரின் கேன் வரிசையில் போய் நின்றார்.

எண்கணக்கு

நல்ல எச்சரிக்கை. நானும் ஒன்று சேர்க்கிறேன். நிற்கும் வேகத்தில் விழுபவர்களில் பலர் கைப்பிடி திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைப் பிடித்து விழுகிறார்கள். யு திருப்பத்தில் வலதுகையை பிரேக்கிலிருந்து எடுத்துவிட்டு, பின் பிரேக்கை லேசாக மிதித்தபடி, கிளட்ச்சைப் பாதி பிடித்துத் திரும்புங்கள். பார்வை முன்சக்கரத்தில் இருக்கக்கூடாது, போகவேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். இது பழகினால் 195இல் இருந்து 20 கிலோ குறைந்ததுபோல் இருக்கும்.

ஹன்டரைப் பற்றி ஒரு வார்த்தை. அது 181 கிலோ. கிளாசிக்கைவிட 14 கிலோதான் குறைவு. இரும்பைக் கழற்றி டேங்கைப் பாதியாக்கினாலே அந்த அளவு வந்துவிடும். மாறுவதென்றால் தெரியும்படி மாறுங்கள்.

வண்டித்தாள்

காப்பீட்டுத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். யாரும் காகிதத்தைப் பற்றிப் பேசவில்லை என்பதால் சுருக்கமாக.

வண்டியை விற்றால் உங்கள் நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்கான தள்ளுபடி) வண்டியோடு போகாது, உங்களோடு வரும். காப்பீட்டு நிறுவனத்திடம் அதற்கான சான்றை வாங்கிப் புது வண்டிக்குப் பயன்படுத்துங்கள். அது மூன்று ஆண்டு செல்லும். உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு விட்டுவிடாமல் பெயர் மாறிவிட்டதா என்று பாருங்கள். மாறாத வண்டி விபத்தில் சிக்கினால் சம்மன் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

உரிமமும் பாருங்கள். 55 வயதுக்கு மேல் புதுப்பித்தால் ஐந்தைந்து ஆண்டுகளுக்குத்தான் தருவார்கள். 40க்கு மேற்பட்டோர் மருத்துவரிடம் படிவம் 1ஏ என்ற மருத்துவச் சான்று வாங்க வேண்டும். நம்மில் பலர் அதை ஒரு கையெழுத்துச் சடங்காக முடித்துவிடுகிறோம். அந்தச் சாக்கில் கண்ணையாவது ஒழுங்காகப் பரிசோதித்துக்கொண்டால் நல்லது. புரை தொடங்கியவருக்கு இரவில் எதிரே வரும் விளக்கு பூவாக விரியும்.

விலையைப் பொறுத்தவரை 350 சிசி வரை உள்ள வண்டிகளுக்கு 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. உங்கள் பட்டியலில் இருக்கும் மூன்றும் அதற்குள் வருகின்றன.

மலைப்பாதை

மின்சார ஸ்கூட்டரை யாரும் சொல்லவில்லையே? சிலவற்றில் பின்னோக்கிப் போகும் வசதி இருக்கிறது, ஐக்யூபிலும் ஏதரிலும் பார்த்தேன். பொத்தானை அழுத்தினால் வண்டி தானே மெல்லப் பின்னால் வருகிறது. நெருக்கி நிறுத்திய இடத்திலிருந்து வெளியே எடுக்க இதைவிட வசதி வேறில்லை. சக்கரம் சின்னது என்ற குறை மட்டும் அப்படியே இருக்கிறது.

தாராபுரத்தான்

அனைவருக்கும் நன்றி. செய்ததைச் சொல்கிறேன்.

நாற்காலிச் சோதனையில் 11தான் வந்தது. மனைவியிடம் காட்டியிருக்கக் கூடாது, அவர் என்னைவிடக் கூடுதலாக எழுந்து உட்கார்ந்து காட்டினார். இயன்முறை மருத்துவரிடம் போகத் தொடங்கியிருக்கிறேன். பிரேக் காலிப்பரைக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன், பழைய பிஸ்டன் ஐயா சொன்னபடியே ஊசி இறுகியிருந்தது. லெக் கார்டையும் பெட்டிச் சட்டங்களையும் கழற்றியதும் வண்டியே வேறு மாதிரி இருந்தது. இவ்வளவும் செய்த பிறகு ஊருக்குள் சமாளிக்க முடிகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் வாசல் வாசல்தான். கொத்தனார் வந்து பார்த்தார், பக்கவாட்டில் திருப்பி ஒன்பதடி வருகிறது. இறக்கிப் பார்த்தேன், முன்பைவிட மேல், ஆனால் மழை பெய்து தரை ஈரமாக இருந்தால் கிளாசிக்கை இறக்கத் தைரியம் வரவில்லை. மனைவியோடு மூன்று வண்டிகளையும் பார்க்கப் போனோம். ஹன்டர் ஓட்ட அருமை; ஷோரூமில் நின்ற இடத்திலிருந்து பின்னால் தள்ளிப் பார்த்தேன், எண்கணக்கு ஐயா சொன்னதுபோல் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ரோனின் எனக்குப் பிடித்தது, சென்டர் ஸ்டாண்டு இல்லாததை மனம் ஏற்கவில்லை. யூனிகார்னில் மனைவி ஏறி உட்கார்ந்து, கம்பியைப் பிடித்துப் பார்த்து, "இது போதும்" என்றார். 140 கிலோ. இருக்கை உயரம் கிளாசிக்கைவிடச் சிறிதளவே குறைவு என்றாலும் முன்பகுதி ஒடுக்கமாக இருப்பதால் பாதத்தின் முன்பாதி நன்றாக ஊன்றுகிறது. அதையே வாங்கியாயிற்று.

கிளாசிக்கைத் தம்பி மகனுக்குக் கொடுத்துவிட்டேன், பெயரும் மாற்றியாயிற்று. முதல் வாரம் புது வண்டியின் சத்தமின்மை ஒரு மாதிரி இருந்தது. கடைக்காரர்கள் நான் வருவது தெரியவில்லை என்கிறார்கள். ஆடி மாதத்தில் தாராபுரம் புறவழிச்சாலையில் எப்படி இருக்கிறது என்று பிறகு எழுதுகிறேன்.

கிக்கர்_ராயபுரம்

வாழ்த்துகள். தம்பி மகனிடம் சொல்லுங்கள், சத்தம் வேண்டும் என்று சைலன்சரை மாற்றினால் காவல்துறை அபராதம் போடும், எஞ்சினும் கெடலாம்.

தாராபுரத்தான்

சொல்கிறேன். பழைய பிஸ்டன் ஐயாவுக்கு ஒரு கேள்வி: கிளாசிக்கிலிருந்து கழற்றிய பக்கப் பெட்டிகளும் சட்டமும் சும்மா கிடக்கின்றன. கொஞ்சம் வளைத்து யூனிகார்னில் பொருத்த முடியுமா?

பழைய_பிஸ்டன்

முடியும். பொருத்தாதீர்கள். ஒரு முதுகுப்பையை வாங்கி அம்மாவிடம் கொடுங்கள்.